எவ்வளவு நேரம் ஆகும்?

என் அண்ணனுக்கு தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் பிடிக்காது. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். 'திருநெல்வேலி 650 கிலோமீட்டர்' என்று யாராவது சொன்னால், "அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எவ்வளவு நேரம் ஆகும், அதைச் சொல்லு" என்பார். கன்ட்ரோல் ஆபீஸ்காரருக்கு உலகமே ஒரு டைம்டேபிள். விழுப்புரத்தில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும், எந்த ஜங்ஷனில் பொங்கல் சூடாக இருக்கும், எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

2009-ல் அவர் ரிட்டயரான அதே வருஷம், ஒரே பையனுக்கு கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும் அமளியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சான்ஃபிரான்சிஸ்கோ எவ்வளவு நேரம்டா?"

எங்கள் குடும்பத்தில் விமானம் சம்பந்தப்பட்ட சந்தேகங்களுக்கு நான்தான் பண்டிதன். ஓட்டத் தெரியாது. எது எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தெரியும். சிலருக்கு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எனக்கு இது.

"நேராப் பறந்தா 13,900 கிலோமீட்டர் வரும் அண்ணே. ஆனா நேராப் போற ஃப்ளைட் கிடையாது. எங்கேயாவது மாறணும்."

"நேரா-ன்னா எப்படி? கிழக்கேயா, மேற்கேயா?"

நல்ல கேள்வி. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு தகர குளோப் உண்டு. பையன் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் இருக்கிறது. அண்ணி பூக்கட்ட வைத்திருந்த நூலில் ஒரு முழம் வாங்கி, ஒரு முனையை சென்னையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை சான்ஃபிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்கினேன். நூல் பசிபிக்கின் நடுவிலும் போகவில்லை, அட்லாண்டிக் பக்கமும் போகவில்லை. வடக்கே ஏறியது. சீனா, சைபீரியா, அங்கிருந்து பனிக்கட்டிப் பிரதேசத்தைத் தொட்டு அலாஸ்கா வழியாக இறங்கியது.

அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது என்னடா, பரமக்குடிக்கு பத்ரிநாத் வழியா போற மாதிரி இருக்கு!"

உங்கள் வீட்டில் குளோப் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். சுவரில் தொங்கும் தட்டை மேப் நம்மை ரொம்ப நாளாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடகோடியை இழுத்து நீட்டிவிடுகிறார்கள். அதனால் அங்கே வழி இருப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. நூலுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இறுக்கினால் குறுக்குவழியைக் காட்டிவிடும்.

அன்றிலிருந்து அந்த குளோப்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. காபி சாப்பிட்டுக்கொண்டே ஏதாவது இரண்டு ஊரைச் சொல்வார். நான் நூல் பிடிப்பேன்.

2016 அக்டோபரில் அவருக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போகும் ஏர் இந்தியா விமானத்தை, அட்லாண்டிக் வழியை விட்டு பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர். புதிய வழி சுமார் 15,300. அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, முன்னைவிட இரண்டு மணி நேரம் குறைவாக. காரணம் காற்று. பூமியின் சுழற்சியால் அந்த உயரத்தில் பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடித்துக்கொண்டே இருக்கிறது. கிழக்கே போனால் முதுகில் தள்ளும். மேற்கே போனால் முகத்தில் அறையும்.

"தூரம் ஜாஸ்தி, நேரம் கம்மி. பாத்தியா? கிலோமீட்டர் பிரயோஜனமில்லைன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்" என்று அண்ணியிடம் வேறு பெருமை அடித்துக்கொண்டார். அண்ணி, "முதல்ல ரேஷன் கடைக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும், அதைச் சொல்லுங்க" என்றார்.

2022-ல் உக்ரைன் யுத்தம் வந்து, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அண்ணனுக்கு இது உடனே புரிந்தது. "சிங்கிள் லைன்ல நம்ம வண்டியை லூப்ல தள்ளி நிறுத்திட்டு, எதிர் வண்டியை விடற மாதிரி" என்றார்.

ஒருநாள் கேட்டார்: "ஆகக் கடைசியா எவ்வளவு தூரம்தான் போக முடியும்?"

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதில் பாதி 20,000. அதற்கு மேல் தள்ளி எந்த ஊரும் இருக்க முடியாது. அதைத் தாண்டினால் அந்தப் பக்கமாகத் திரும்பி வர ஆரம்பித்துவிடுவோம். 2020 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கு நிற்காமல் பறக்க ஆரம்பித்தார்களே, அதுவே 15,300 கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரம் சொச்சம். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு பொன்மொழியும் உதிர்த்தேன்.

"எங்கே இருந்தாலும் ஒருநாள்தான் அண்ணே."

அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கட்டுரை.

2023 மே கடைசியில் அண்ணனுக்கு மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எழுபத்து நாலு வயது. முதல் நாளே பையன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, நான் கிளம்பி வரவா?"

"டாக்டர் ஸ்டேபிளா இருக்கார்ங்கறார்டா. நீ எதுக்கு அலையறே? ஜனவரியிலதான் லீவு போட்டு வந்துட்டுப் போனே."

மறுநாளும் அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே பதில். அவனுடைய பெண்ணுக்கு ஸ்கூல், அவனுக்கு வேலை, டிக்கெட் விலை. இதெல்லாம் நான் அவனுக்காக யோசித்து வைத்த காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அவனை வரச் சொன்னால், அண்ணன் நிலைமை மோசம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு அது முடியவில்லை.

"ஒருநாள்தானேடா. தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்."

நாலாம் நாள் அண்ணன் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு என்னிடம் கேட்டார். "அங்கேருந்து இப்ப எவ்வளவு நேரம்னு சொன்னே?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த மாதிரி. "துபாய் வழியா வந்தா இருபத்திரண்டரை மணி நேரம் அண்ணே. முதல் ஃப்ளைட் பதினஞ்சே முக்கால். அங்கே ரெண்டே முக்கால் மணி காத்திருக்கணும். அப்புறம் நாலு மணி நேரம்" என்று வரிசையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். மாஸ்க்கை மறுபடி போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

அவர் டைம்டேபிள் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை விடியற்காலை 1.10-க்குப் போய்விட்டார்.

கலிஃபோர்னியாவில் அப்போது செவ்வாய்க்கிழமை பகல் 12.40. சாப்பாட்டு நேரம். நான் 'தம்பி' என்று ஆரம்பித்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. "நாலே கால் ஃப்ளைட்டைப் பிடிச்சுடறேன் சித்தப்பா" என்றான். சான் ஹோசேயில் இருக்கும் அவன் ஆபீஸிலிருந்து ஏர்போர்ட் சுமார் 50 கிலோமீட்டர். டிக்கெட் வாங்கி, ஓட்டிக்கொண்டு போய், பிடித்தும் விட்டான். வீட்டுக்குப் போகாமல் எப்படி முடிந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு வாரமாகவே பெட்டி கட்டி, பாஸ்போர்ட்டோடு கார் டிக்கியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வந்திருக்கிறான். என் ஒரு வார்த்தைக்காக.

பெரம்பூர் வீட்டில் விடிவதற்குள் ஜனம் சேர்ந்துவிட்டது. செத்த வீட்டில் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும். 'எப்ப எடுக்கறீங்க?' பையன் வரவேண்டும் என்றால் அடுத்த கேள்வி, 'எவ்வளவு நேரம் ஆகும்?' வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த பையனும் கேட்டான். "எத்தனை மணி நேரத்துக்கு சார்? ஒருநாள் வாடகையா, ரெண்டு நாளா?" மே மாச வெயில். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது, ஜெனரேட்டருக்குச் சொல்லி வையுங்கள் என்றும் அவனே யோசனை சொன்னான்.

வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொன்னவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் விமானத்தைக் காட்டினான். இப்போதெல்லாம் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சி மாதிரி கனடா மேல் வடக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அத்தைக்கு எண்பத்தாறு வயது. அம்பாசமுத்திரத்துக்காரி. போனை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள்.

"எய்யா, பய இங்கன வராம வடக்காம போறான்?"

சான்ஃபிரான்சிஸ்கோவும் துபாயும் பூமியில் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூலை இறுக்கினால், வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். நேரே மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, நேரே கீழே இறங்க வேண்டும். 13,000 கிலோமீட்டர். அத்தைக்கு இதை விளக்க ஃபிரிட்ஜ் மேலிருந்து குளோப்பை எடுக்கக் கை நீட்டினேன். எடுக்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் போனில் அந்தப் பூச்சி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பிறகு காணோம். துருவப் பிரதேசத்தில் சிக்னலைப் பிடிக்கத் தரையில் கருவி இல்லை, அதனால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடிவயிறு கலங்கியது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்து, ரஷ்யாவுக்கு மேலே மறுபடி தட்டுப்பட்டது. கூடத்தில் இருந்த எல்லோரும் மூச்சு விட்டோம்.

வியாழக்கிழமை அதிகாலை 3.15-க்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, 4.30-க்கு வாசலில் வந்து நின்றான். பறந்தது 19 மணி 45 நிமிஷம். நான் போன் செய்ததிலிருந்து வாசல் வரைக்கும் 27 மணி 20 நிமிஷம். விமானக் கம்பெனிகள் முதல் கணக்கைத்தான் போடுகிறார்கள். வீட்டுக்கு அவசியம் இரண்டாவது. இவனுக்காவது விசா, முத்திரை என்று சிக்கல் இல்லை. அது இருக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் இன்னொரு சமுத்திரம் இருக்கிறது.

அப்பாவைப் பார்த்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"வழியெல்லாம் இருட்டவே இல்லை சித்தப்பா. பதினஞ்சே முக்கால் மணி நேரமும் வெயில். எல்லாரும் ஜன்னலை மூடிட்டுத் தூங்கினாங்க. நான் ஓரமா கொஞ்சம் திறந்து வெச்சுப் பாத்துட்டே வந்தேன். துபாய்ல இறங்கறப்பதான் சூரியன் மறைஞ்சுது. அப்பா போன அந்த நாள் முடியவே மாட்டேன்னுது."

மே கடைசியில் துருவத்தில் சூரியன் மறையாது. அண்ணன் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "அப்பா என்னைக் கேட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாகப் பொய் சொல்லி அலுத்திருந்தது.

"கேட்டார்டா. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டார்."

தலையைக் குனிந்துகொண்டான். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓட்டேரியில் காரியம் முடிந்து வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. 1978 ஞாபகம் வந்தது. அப்போது நான் காலேஜ் படித்துக்கொண்டு அண்ணனோடு பெரம்பூரில்தான் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் தந்தி வந்தது. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' அண்ணன் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்பா போயிட்டார்டா. கிளம்பு" என்றார். சீரியஸ் என்றுதானே போட்டிருக்கிறது என்று நான் வாதாடினேன். எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி ஏறி, பதினைந்து மணி நேரம் போய், பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அந்தக் காலத்துத் தந்தியை எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். இறந்துவிட்டார் என்று நேரே அடிக்க மாட்டார்கள். போகிறவன் வழியில் இடிந்துபோய்விடக் கூடாது. வெறும் சீக்காக இருந்தாலும் 'உடனே கிளம்பு' என்றுதான் அடிப்பார்கள். மொத்தத்தில் தந்திக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான்: வா.

அன்றைக்கு 650 கிலோமீட்டருக்குப் பதினைந்து மணி நேரம். இன்றைக்கு 13,000 கிலோமீட்டருக்குப் பதினைந்தே முக்கால். நாற்பத்தைந்து வருஷத்தில் தூரத்தை இருபது மடங்கு சுருக்கிவிட்டோம். 2013 ஜூலை 15-ம் தேதி முதல் தந்தியையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்த வேண்டியதுதான். போனில் முகம் பார்த்தே பேசுகிறோம். ஆனால் தந்தி பொய் சொன்னால், மனுஷனை வரவழைக்கச் சொன்னது. நான் சொன்ன பொய்யெல்லாம் அவனை வரவிடாமல் தடுக்க. எப்போது வேண்டுமானாலும் ஒருநாளில் வந்துவிடலாம் என்ற வசதி இருந்ததால்தான், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆறு நாள் தள்ளிப்போட்டேன். அண்ணனுக்கும் பையனுக்கும் நடுவில் இருந்த தூரம் 27 மணி 20 நிமிஷம் இல்லை. அதோடு என்னுடைய ஆறு நாளையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் இருக்கிற பிள்ளை 'வரவா?' என்று கேட்டால், அவன் உங்களிடம் மருத்துவ அறிக்கை கேட்கவில்லை. கிளம்பத் தயாராகி, ஒரு தள்ளுக்குக் காத்திருக்கிறான். படுக்கையில் இருக்கிறவர் 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டால், அவருக்குக் கணக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்த விமான சாஸ்திரம் இவ்வளவுதான்.

போன வருஷம் அண்ணிக்குக் காய்ச்சல். மூன்று நாளாக விடவில்லை. பையன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, வரவா?"

"வா" என்றேன்.

அவன் வந்து இறங்குவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. சாதாரண வைரல்தான். அண்ணி எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டினார். "ஒரு காய்ச்சலுக்கா இத்தனை லட்சம் செலவு பண்ணி ஓடி வருவாங்க? இவன்தான் சின்னப் பையன். நீங்க சொல்லக் கூடாதா தம்பி? வயசாச்சே தவிர..."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டோம். திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய், அவனுக்கு நாலாவது தோசையை வார்க்க ஆரம்பித்தார்.